குருவில்லாத ஞாயிறுகள்

கொள்ளிடம் ஒரு காலத்தில் இரண்டு ஆட்சிகளுக்கு நடுவே ஓடிய எல்லை. தென்கரையில் தஞ்சை மராட்டியர் அரசு. வடகரையில் அரியலூர் மழவராயர்களின் பாளையமும், அதை ஒட்டி உடையார்பாளையமும். 1701இல், ஷாஜி மன்னர் காலத்தில், தஞ்சைச் சீமைக் கிறிஸ்தவர்கள் மீது பெரும் ஒடுக்குமுறை எழுந்தது. கோயில்கள் இடிபட்டன; விசுவாசிகள் சிறைப்பட்டார்கள்; சேசு சபைக் குரு ஒருவர் தஞ்சைச் சிறையிலேயே உயிர்விட்டார். தப்ப வழியிருந்தவர்கள் ஆற்றைக் கடந்தார்கள். இன்றைய அரியலூர் மாவட்டத்தில், திருமானூருக்கு அருகே உள்ள ஏலாக்குறிச்சி அப்படி வந்தவர்கள் ஒதுங்கிய ஊர். அங்கிருக்கும் மாதாவை ‘அடைக்கல மாதா’ என்று மக்கள் அழைப்பதற்கு அந்த வரலாறே போதுமான காரணம்.

விசுவாசத்துக்காகப் பாடுபட்டவர்கள் என்றதும் தமிழ்க் கிறிஸ்தவர் மனத்தில் இரண்டு பெயர்கள் முதலில் வரும். ஒருவர் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தர். மற்றவர் 1752இல் திருவிதாங்கூரில் சுட்டுக் கொல்லப்பட்டு, 2022 மே மாதம் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளை. அவர்களுக்குக் கோயிலும் திருநாளும் இருப்பது முறைதான். ஆனால் மறைசாட்சியின் சோதனைக்கு ஒரு முடிவு உண்டு. சாகாமல், ஊரை விட்டும் போகாமல், பேரன் காலம் வரை அதே நம்பிக்கையைக் கைமாற்றிக் கொடுத்தவர்களின் சோதனைக்கு அந்த முடிவு வரவில்லை. அவர்களைப் பற்றிய எழுத்து குறைவு. கொள்ளிடத்து வடகரையின் கதை பெரும்பாலும் அவர்களுடையது. அதை ஒரு பெரிய மனிதரிடமிருந்து தொடங்குவதுதான் வசதி. ஏனென்றால் அவர்களுக்காக அதிகம் எழுதி வைத்தவர் அவர்தான்.

கான்ஸ்டன்ட்டைன் ஜோசப் பெஸ்கி, நாம் அறிந்த பெயரில் வீரமாமுனிவர், 1680இல் வட இத்தாலியின் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தவர். 1710இல் கோவாவில் இறங்கி, அடுத்த ஆண்டு தமிழகம் வந்தார். வந்து நான்கு ஆண்டுகளுக்குள் தென்பாண்டிப் பகுதியில் சிறைப்பட்டு, மரண தண்டனையின் விளிம்பு வரை போய்த் திரும்பினார். அதன்பிறகு 1720களிலும் 1730களிலும் ஏலாக்குறிச்சி அவருடைய முக்கியத் தங்குமிடமாயிற்று. அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்தவரும் அவரே. ‘திருக்காவலூர்க் கலம்பகம்’, ‘அன்னை அழுங்கல் அந்தாதி’ ஆகியவை அந்த மண்ணோடு ஒட்டிய நூல்கள். அரியலூர் மழவராயர் ஒருவருக்கு வந்த கொடிய கட்டியை வீரமாமுனிவர் குணப்படுத்தியதாகவும், அதற்கு நன்றியாக அவர் 175 ஏக்கர் நிலம் கொடுத்ததாகவும் கோயில் மரபு சொல்கிறது. குணமான கதையை நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். சைவ, வைணவக் கோயில்களுக்கு மானியம் கொடுத்துவந்த ஒரு பாளையக்காரர் மரபு, தன் எல்லைக்குள் ஒதுங்கிய கிறிஸ்தவர்களுக்கும் இடம் கொடுத்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. விசுவாசத்தில் நிலைத்திருப்பதைத் தனிமனிதரின் மன உறுதியாக மட்டும் பேசிவிடுகிறோம். அந்த உறுதிக்கு ஒண்ட ஓரிடமும் உழ ஒரு வயலும் வேண்டியிருந்தன. அவற்றைக் கொடுத்தவர் வேறு மதத்தவர்.

வீரமாமுனிவரைத் தமிழ்ப் பாடநூல்கள் சதுரகராதிக்காகவும் எழுத்துச் சீர்திருத்தத்துக்காகவும் பரமார்த்த குருவின் கதைக்காகவும் நினைவில் வைத்திருக்கின்றன. அவர் காலத்து ஏலாக்குறிச்சிக் குடியானவருக்கு இவற்றால் பெரிய பயன் இல்லை. அவருக்குப் பயன்பட்டவை வேறு இரண்டு நூல்கள். ஒன்று ‘கித்தேரியம்மாள் அம்மானை’. தகப்பனே எதிர்த்து நின்றும் நம்பிக்கையை விடாமல் உயிர் கொடுத்த ஒரு போர்த்துகீசியக் கன்னியின் கதை அது. அதைச் சொல்ல அவர் தேர்ந்தெடுத்தது விருத்தமோ செந்தொடையோ அல்ல, பெண்கள் வாயில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அம்மானை நடை. தேம்பாவணிக் காவியத்தின் 3615 பாடல்களை எழுதிய அதே கை, எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கேட்டு மனத்தில் இருத்திக்கொள்ளும் நடைக்கு இறங்கி வந்தது. வீடும் கோயிலும் இழந்து ஆற்றைத் தாண்டி வந்த குடும்பத்துப் பெண்ணுக்கு, எங்கோ தொலைதேசத்தில் இன்னொரு பெண்ணும் இதே பாடுகளைப் பட்டாள் என்று சொல்லும் கதை வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்க முடியாது.

மற்றொன்று ‘வேதியர் ஒழுக்கம்’. 1727 அளவில் எழுதப்பட்ட உரைநடை நூல். வேதியர் என்று அவர் சொல்வது மறைக்கல்வி கற்பிக்கும் உபதேசியாரை. இந்த நூல் ஏன் தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள, வீரமாமுனிவர் சேர்ந்திருந்த சேசு சபையின் அன்றைய மதுரை மிஷன் நடந்த விதத்தைப் பார்க்க வேண்டும். ஒரு குருவின் பொறுப்பில் பல நாள் நடந்தாலும் சுற்றி முடிக்க முடியாத பரப்பு இருந்தது. ஓர் ஊருக்கு அவர் ஆண்டில் ஒருமுறையோ இருமுறையோ வருவார். வந்த நாட்களில் பாவசங்கீர்த்தனம், பூசை, நன்மை, கலியாணம் எல்லாம் நடக்கும். பிறகு போய்விடுவார். மீதி நாட்கள் முழுவதும் உபதேசியாருடையவை. ஞாயிறன்று ஊரைக் கூட்டிச் செபம் சொல்ல வைப்பவர் அவர். சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஆபத்துக்கால ஞானஸ்நானம் கொடுப்பவர் அவர். நோயாளியின் அருகில் இருந்து, இறந்தவரை அடக்கம் செய்து, சண்டையைத் தீர்த்து வைத்து, அடுத்த முறை குரு வரும்போது கணக்குச் சொல்பவரும் அவரே. ஒடுக்குமுறை வந்தால் முதலில் கட்டிவைத்து அடிக்கப்படுகிறவரும் பெரும்பாலும் அவராகவே இருந்தார். வெளிநாட்டுக் குருவுக்காவது மன்னரிடம் பேச ஆள் கிடைக்கும். உபதேசியார் உள்ளூர்க்காரர், அவருக்குப் பரிந்து பேச யாரும் இல்லை. ஆகவே வீரமாமுனிவர் அந்த நூலில் உபதேசியாரின் நடத்தையைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டதில் வியப்பில்லை. ஊர் மக்கள் ஆண்டு முழுவதும் கண்ணால் பார்க்கிற கிறிஸ்தவம் அவர்தான்.

அந்த ஏற்பாட்டின் உண்மையான பரீட்சை வீரமாமுனிவர் இறந்த பிறகு வந்தது. அவர் 1747 பிப்ரவரி 4 அன்று, அருளானந்தரின் நினைவு நாளில், கேரளத்து அம்பலக்காட்டில் இறந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1759இல், போர்த்துகல் அரசு சேசு சபையினரைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றியது. தமிழகத்துக்குப் புதுக் குருக்கள் வரும் வழி அடைபட்டது. 1773இல் பதினான்காம் கிளமெண்ட் பாப்பரசர் சபையையே கலைத்துவிட்டார். தமிழ்நாட்டுக் கிராமக் கிறிஸ்தவருக்கு இது எப்படிப் பட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பகைவன் இடித்த கோயிலைப் பற்றி அழுவதற்குப் பழகியவர்கள் அவர்கள். இந்த முறை அடித்தது அவர்கள் தலைவணங்கும் ரோமாபுரி.

காலமும் பொல்லாததாக இருந்தது. 1765இல் ஆற்காட்டு நவாபின் படை அரியலூரையும் உடையார்பாளையத்தையும் பிடித்தது. அடைக்கலம் கொடுத்த பாளையக்காரர்களே ஊரை விட்டு ஓட நேர்ந்தது. 1781இல் ஹைதர் அலியின் படைகள் தஞ்சைச் சீமையைச் சூறையாடின. எஞ்சியிருந்த முதிய குருக்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள். பாரிஸ் மறைபரப்புச் சபையின் பிரெஞ்சுக் குருக்கள் 1777 முதல் புதுச்சேரியை மையமாகக் கொண்டு பொறுப்பேற்றார்கள்; ஆனால் பிரெஞ்சுப் புரட்சி வந்ததும் பிரான்சிலிருந்து ஆள் வருவதும் தடைப்பட்டது. போதாததற்கு, கோவாவிலிருந்து வந்த குருக்களுக்கும் புதுச்சேரிக் குருக்களுக்கும் இடையே யாருக்கு எந்த ஊர் என்ற அதிகாரத் தகராறு. பல ஊர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றன. புதுப்பிக்கப்பட்ட சேசு சபையினர் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தது 1838இல்தான். கிட்டத்தட்ட எண்பது ஆண்டுகள். மூன்று தலைமுறை.

இந்த இடைவெளியின் கடைசிப் பகுதியைக் கண்ணால் பார்த்த ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். 1792இல் வந்து முப்பது ஆண்டுகள் தென்னிந்தியாவில் பணியாற்றிய அபே துபுவா என்ற பிரெஞ்சுக் குரு, ஊர் திரும்பிய 1823ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் கிறிஸ்தவத்தின் நிலை பற்றிய கடிதங்களை நூலாக்கினார். இந்த நாட்டில் கிறிஸ்தவம் தேய்ந்துகொண்டே போகிறது, இனி வளர வாய்ப்பில்லை என்பது அவர் தீர்ப்பு. துபுவா அறிவில் குறைந்தவர் அல்லர். இந்தியப் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய நூலை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். என்றாலும் இந்தத் தீர்ப்பு பொய்த்துப்போனது. அவர் தலைகளை எண்ணினார், குருக்களை எண்ணினார், மனம் மாறியவர்களை எண்ணினார். ஞாயிறு காலை உபதேசியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்ன ஊரை அவர் போதுமான அளவு எண்ணவில்லை.

அந்த ஞாயிறைச் சற்று அருகில் பார்க்கலாம். பூசை இல்லை, ஏனென்றால் குரு இல்லை. மண்சுவரும் கீற்றுக் கூரையுமான கோயில். பீடத்தில் ஒரு சுரூபமோ வெறும் பாடுபட்ட சிலுவையோ இருக்கும். உபதேசியார் முன்னால் நின்று விசுவாச மந்திரத்தைத் தொடங்குவார். ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக இருந்து முடிப்பார்கள். பிறகு பரமண்டல மந்திரம், பிரியதத்த மந்திரம், கற்பனைகள் பத்து. தவக்காலமானால் பாடுகளைப் பற்றிய வாசிப்பு இருக்கும். மாலையில் வீட்டில் ஐம்பத்து மூன்று மணிச் செபம். எல்லாம் மனப்பாடம். ‘கிளிப்பிள்ளைச் செபம்’ என்று பிற்காலத்தார் இதைக் கேலி செய்ததுண்டு. நான் அந்தக் கேலியில் சேரமாட்டேன். புத்தகமும் குருவும் பள்ளிக்கூடமும் இல்லாத வீட்டில், நெஞ்சில் இருப்பதைத் தவிர வேறு எதை யார் காப்பாற்ற முடியும்? பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் வயதான பாட்டிமார் இன்றும் பழைய சொற்களிலேயே செபிப்பதைக் கேட்கலாம். ‘அருள் நிறைந்த மரியே’ என்று ஊரே மாறிய பிறகும் அவர்கள் ‘பிரியதத்தம்’ என்கிறார்கள். அந்தச் சொல் அவர்களுக்கு வந்த வழியில் எத்தனையோ குருவில்லாத ஞாயிறுகள் இருக்கின்றன.

இந்த மக்கள் தங்களுக்குக் கிடைத்ததை எவ்வளவு கவனமாக வைத்திருந்தார்கள் என்பதற்கு உறுதியான சான்று ஒன்று உண்டு. அது ஓலை. தேம்பாவணி எழுதி முடிக்கப்பட்டது 1726இல். அச்சேறியது 1851 முதல் 1853 வரை, புதுச்சேரியில், மூன்று பாகமாக. நடுவே நூற்றிருபத்தைந்து ஆண்டுகள். பனை ஓலை நம் வெக்கையிலும் மழையிலும் தானாக அவ்வளவு காலம் நிற்காது, கறையான் விடாது. யாரோ எண்ணெய் தடவி, வெயிலில் உலர்த்தி, தேய்ந்தபோது மறுபடி எழுதி வைத்திருக்க வேண்டும். 1816இல் சென்னைக் கல்விச் சங்கத்தின் எல்லீஸ், வீரமாமுனிவரின் நூல்களைத் திரட்டுவதற்காக முத்துசாமிப் பிள்ளையைத் தெற்கே அனுப்பினார். அவர் ஊர் ஊராகத் தேடிப் பல சுவடிகளைச் சேர்த்தார். 1822இல் முனிவரின் வரலாற்றையும் எழுதினார். தேடிப் போனவருக்குச் சுவடி கிடைத்தது என்றால், குரு இல்லாத காலம் முழுவதும் வைத்திருந்தவர் ஒருவர் இருந்தார் என்று பொருள். தமிழ் இலக்கிய வரலாறு எல்லீசுக்கு நன்றி சொல்கிறது. ஓலையைக் காத்த பெயர் தெரியாத வீட்டாருக்கும் அதே அளவு நன்றி உரியது.

இதே போன்ற கதைகள் கடலுக்கு அப்பாலும் நடந்தன. இலங்கையின் கரையோரத்தை 1658க்குள் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள், குருக்களைத் துரத்தினார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் தலைவனின்றித் தவித்தார்கள். 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் கூலியாள் வேடத்தில் வந்து சேர்ந்தபோது, சில்லாலையில் அவரை மறைத்து வைத்துக் காத்தவர்கள் அந்த மக்கள்தான். அவர் தொடங்கிய பணியில் மூப்பர், அண்ணாவியார் என்று ஊருக்கு ஊர் பொதுநிலையினரே பொறுப்பேற்றுச் செபம் நடத்தினார்கள். அவருடைய உதவியாளர் யாக்கோமே கொன்சால்வெஸ் வீரமாமுனிவரின் சமகாலத்தவர்; தமிழிலும் சிங்களத்திலும் எழுதியவர். அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ பாக் நீரிணையைத் தாண்டி நம் ஊர்த் தவக்காலங்களிலும் வாசிக்கப்பட்டது. ஜப்பானில் இது இன்னும் கடுமையாக நடந்தது. 1614 தடைக்குப் பிறகு ஒளிந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள், 1865இல் நாகசாகிக் கோயிலுக்கு வந்து பெத்திஜான் என்ற குருவிடம் தங்களை வெளிப்படுத்திக்கொண்டார்கள். இருநூறு ஆண்டுக்கு மேல் குரு இல்லாமல், நாள்காட்டி பார்க்க ஒருவர், ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர் என்று ஊருக்குள்ளேயே வேலையைப் பிரித்துக்கொண்டு அவர்கள் தாக்குப்பிடித்திருந்தார்கள். பெத்திஜான் சேர்ந்திருந்ததும் அதே பாரிஸ் சபைதான்; 1899 செப்டம்பர் 1 அன்று கும்பகோணம் மறைமாவட்டம் புதுச்சேரியிலிருந்து பிரிந்தபோது அதன் முதல் ஆயரான பொத்தெரோவும் அந்தச் சபையினரே. இன்று அரியலூர், பெரம்பலூர் பகுதிகள் அந்த மறைமாவட்டத்தில் அடங்குகின்றன. ஏலாக்குறிச்சி, வரதராசன்பேட்டை, தென்னூர் ஒரு பக்கம். பாளையம், அன்னமங்கலம், தொண்டமாந்துறை இன்னொரு பக்கம். முந்திரிக் காட்டு ஊர்களும், பருத்தியும் மக்காச்சோளமும் வானத்தை நம்பி விளையும் மானாவாரி ஊர்களும்.

இவ்வளவு காலம் இந்த ஊர்களைச் சேர்த்துப் பிடித்தது எது? செபமும் உபதேசியாரும் பாட்டும் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதி உண்மையாகிவிடும். உறவுமுறையும் பிடித்தது, உறவுமுறை என்றால் நம் நாட்டில் சாதி. ஊர்ப் பெரியவர் வேதத்தில் இருந்தார், பங்காளிகள் இருந்தார்கள், பெண் எடுக்கவும் கொடுக்கவும் வேதக்கார வீடுகளே இருந்தன. குரு இல்லாதபோது சபையைச் சிதறவிடாமல் காத்த அதே கயிறு, குரு வந்த பிறகு சிலர் கழுத்தை இறுக்கியது. சேசு சபையினர் தொடக்கத்திலேயே சாதி வழக்கங்களுக்கு இடம் கொடுத்தார்கள். மேல்சாதியாருக்கும் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் தனித்தனிக் குருக்கள்கூட இருந்தார்கள். ஒடுக்குமுறைக் காலத்தில் அதற்கு ஒரு காரணம் சொல்லியிருக்கலாம். அந்தக் காரணம் எப்போதோ செத்துவிட்டது, வழக்கம் சாகவில்லை.

ஆகவே இந்த மண்ணில் துன்பத்தின் நடுவே விசுவாசத்தில் நிலைத்திருப்பவர் இன்று யார் என்று கேட்டால், நான் தலித் கிறிஸ்தவர் என்பேன். அவரை அடிப்பது இரண்டு கை. முதலாவது அரசுடையது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள்; கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவர், தன்னைப் போன்ற தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை, கிறிஸ்தவர் என்பதால் தனக்கு மறுக்கப்பட்டதாக உச்ச நீதிமன்றம் வரை போனார். தேம்பாவணியின் தலைவன் சூசையப்பரின் பெயரைத் தாங்கிய அந்த மனிதரின் மனு 1985 செப்டம்பரில் தள்ளுபடியானது. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்றது தீர்ப்பு. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மத வரம்பை நீக்கப் பரிந்துரைத்தது, நடைமுறைக்கு வரவில்லை. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது. சான்றிதழில் மதத்தை மாற்றி எழுதிக்கொண்டால் கிடைக்கும் சலுகையைத் தெரிந்தே விட்டுவிட்டு, ஞானஸ்நானப் பெயரோடு நிற்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எழுதிக்கொண்டவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பிள்ளையின் படிப்பும் வேலையும் சின்ன விஷயம் அல்ல.

இரண்டாவது கை சபைக்குள்ளேயே இருப்பது. பெரம்பலூருக்கு மேற்கே, துறையூர்ப் பக்கம், கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த கோட்டப்பாளையத்துத் தலித் கத்தோலிக்கர்கள், தங்கள் பங்கிலேயே தாங்கள் ஒதுக்கப்படுவதாகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் போனார்கள். திருவிழாவில் வரி கொடுத்துப் பங்கேற்கும் உரிமை மறுக்கப்படுகிறது, கல்லறை தனியாக இருக்கிறது என்பவை அவர்கள் முறையீடுகள். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பியது. வழக்கின் முடிவு நீதிமன்றத்தின் வேலை. எனக்குத் தோன்றுவது இது: இவ்வளவுக்குப் பிறகும் அவர்கள் கேட்பது அந்தக் கோயிலிலேயே ஓர் இடம். வேறு சபைக்குப் போயிருக்கலாம், சும்மா இருந்திருக்கலாம். ஆற்றைக் கடந்தவர்களுக்கு அக்கரை என்று ஒன்று இருந்தது. இவர்களுக்கு அக்கரை இல்லை. இருக்கிற இடத்திலேயே நின்று, இது எங்கள் கோயிலும்தான் என்கிறார்கள். 1701இன் விசுவாசத்துக்கு இது ஒரு மாற்றுக் குறைந்தது அல்ல.

1950 ஆணையைத் திருத்துவது தில்லியில் நடக்க வேண்டிய காரியம். அதற்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆகுமோ. ஆனால் யார் வீட்டு வரியை வாங்குவது, தேர் எந்தத் தெரு வழியாகப் போவது, கல்லறையின் நடுவே சுவர் நிற்பதா விழுவதா என்பவற்றைத் தீர்மானிக்கத் தில்லியும் வேண்டாம், ரோமாபுரியும் வேண்டாம். பங்குப் பேரவை ஒரு மாலை கூடினால் போதும். பங்குத்தந்தையர்களே, ஊர்ப் பெரியவர்களே, அடைக்கல மாதாவின் பெயரைச் சொல்லித் தேர் இழுக்கும் எல்லோருமே, இந்த ஆண்டுக் கொடியேற்றத்துக்கு முன்பாக அந்தக் கூட்டத்தைக் கூட்டுங்கள்.